சகலையின் கோடு மேலே போகிறது

அந்த அலுவலகத்தின் நான்காவது மாடியில் இரண்டு மென்பொருள் குழுக்கள். நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கக் குழுவுக்குத் தலைவர் மூத்த சகலை, அந்தப் பக்கத்துக்கு இளைய சகலை. அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவன் அவன். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் ஒரே மாடியில் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

இளையவனை 'அவன், இவன்' என்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மூத்தவர் தன் மனசுக்குள் ஒரு நாளும் அவனை 'அவர்' என்று சொன்னதில்லை. நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

இதில் பெரிய கொடுமை, அவனை அங்கே சேர்த்துவிட்டதே இவர்தான். ஐந்து வருடத்துக்கு முன்பு மாமனார் போன் செய்து, "பெரிய மாப்பிள்ளை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார். இவரும் பெருமை தாங்காமல் ஒரு வார்த்தைக்கு நான்கு வார்த்தையாகச் சொல்லிவைத்தார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இப்போது தினமும் நினைக்கிறார்.

மூத்தவர் வேலை தெரியாதவர் இல்லை. பதினோரு வருடமாக அதே மாடி, அதே ஜன்னலோர நாற்காலி. எந்த நிரலில் எந்த மூலையில் பிழை இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருக்கு ஒரே ஒரு வியாதி, யாரையும் சும்மா விடமாட்டார். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம் என்று கால் மணி நேரம் பேச வேண்டும். நிற்கச் சொல்வதே கால் வலித்தால் சீக்கிரம் முடிப்பார்கள் என்றுதான். இவர் வட்டத்தில் முக்கால் மணி நேரம் ஆகும். "நேத்து ஏன் முடியல? முந்தாநேத்து ஏன் முடியல?" என்று ஆள் ஆளாகக் குறுக்கு விசாரணை நடக்கும். அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டம் முடிந்து, ஏதோ ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டே அவரவர் இடத்துக்குப் போயிருப்பார்கள். அந்தச் சிரிப்பு இவருக்குக் கேட்காது, கண்ணாடி தடிமன். ஆனால் தெரியுமே! வயிறு எரியும்.

அந்த அலுவலகத்தில் வேலையை இரண்டிரண்டு வாரமாக வெட்டிச் செய்வார்கள். ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டுவார்கள். எவ்வளவு கஷ்டமான வேலை என்று குழுவே எண் போட்ட அட்டைகளைத் தூக்கிக் காட்டி, அதற்குப் புள்ளி கொடுக்கும். இரண்டு வாரத்தில் முடித்த சீட்டுகளின் புள்ளிகளைக் கூட்டி ஒரு கோடு வரைவார்கள். ஒரு குழுவின் மூன்று புள்ளி இன்னொரு குழுவின் மூன்று புள்ளி ஆகாது. இது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு திங்கட்கிழமை டைரக்டர் மேடம் இரண்டு குழுக்களின் கோட்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். இளையவனுக்கு நாற்பத்து நாலு. மூத்தவருக்கு முப்பது.

"ரெண்டு டீமையும் ஒண்ணாக்கப் போறோம். ஒருத்தர்தான் ஹெட். இன்னும் மூணு ஸ்பிரின்ட் பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார் மேடம்.

ஸ்பிரின்ட் என்றால் அந்த இரண்டு வாரம்தான். ஆக, ஆறு வாரம். ஆறு வாரத்தில் முப்பது நாற்பத்து நாலைத் தாண்டவில்லை என்றால், தான் கொண்டுவந்து சேர்த்தவனிடம் தானே லீவு கேட்டு நிற்க வேண்டும். மாமனார் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் நடுவில் "எங்க சின்ன மாப்பிள்ளைக்குக் கீழேதான் பெரியவர் இருக்கார்" என்ற பேச்சு கிளம்பும்.

இளையவன் செய்த மாயம் பெரிய மாயமெல்லாம் இல்லை. அவன் பலகையில் ஒரே நேரத்தில் மூன்று சீட்டுக்கு மேல் தொடங்கக் கூடாது. ஒருவன் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் புதுச் சீட்டை எடுக்காமல் அவனோடு போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான். அதை அவனே ஒருநாள் இவர் மேஜைக்கு வந்து சொன்னான்.

"அண்ணே, உங்க பலகையில பதினாலு சீட்டு பாதியில நிக்குது. மூணோட நிறுத்திப் பாருங்க. ஒண்ணொண்ணா முடிஞ்சு விழும்."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"ஐயோ, அப்படி இல்லண்ணே. எனக்கு உபயோகமா இருந்துச்சு, அதான்..."

"உன் வேலையைப் பாருப்பா. எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ்."

அவன் சொன்னது சரி என்று இவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சல். வேறு எவனாவது சொல்லியிருந்தால் அன்று மாலையே செய்திருப்பார். இவன் சொல்லிவிட்டான், ஆகவே செய்ய முடியாது. பதினான்கைப் பதினாறாக்கினார்.

வீட்டுக்குப் போனால் அங்கே நிம்மதி இருக்கிறதா? அதுவும் இல்லை. எட்டு மணிக்கு மேல் வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி தங்கையோடு பேசி முடித்திருந்தாள்.

"அவ வீட்டுக்காரர் ஆறு மணிக்கே வந்துட்டாராம். குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு, துணி கூட மடிச்சு வச்சாராம்."

"ஓ! மடிச்சு வச்சானா? ஒரு மாலை வாங்கிப் போட வேண்டியதுதானே?"

"இப்ப என்ன சொல்லிட்டேன்னு குதிக்கிறீங்க?"

"அவனுக்கு வேலை இல்லை, மடிக்கிறான். எனக்கு வேலை இருக்கு."

"ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ்தானே?" என்றாள் மனைவி, ரொம்ப அப்பாவியாக. இவர் சாப்பாட்டில் கையை வைக்காமலே எழுந்துபோனார். அரை மணி நேரம் கழித்துப் பசி தாங்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தது வேறு விஷயம்.

மறுநாள் திட்டமிடும் கூட்டம். முதல் சீட்டுக்கு எல்லோரும் 'மூன்று' அட்டையைத் தூக்கினார்கள். மூத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது மூணா? நல்லா யோசிங்க. அஞ்சு இருக்கும்" என்றார்.

சோதனை பார்க்கும் பெண் வாய்த்துடுக்குக்காரி. "சார், போன தடவை இதே மாதிரி வேலைக்கு ரெண்டுதான் போட்டோம்."

"போன தடவை தெரியாம போட்டுட்டோம்."

"தெரியாம போட்டதை ரெண்டே நாள்ல முடிச்சோமே சார்."

"அம்மா தாயே, அஞ்சு போடு."

அஞ்சு போட்டாள். தாடிக்காரன் என்று எல்லோரும் கூப்பிடும் நிரலாளன் தாடியைச் சொறிந்துகொண்டே தானும் அஞ்சு போட்டான். அடுத்த ஸ்பிரின்டில் ஐந்து எட்டானது. அதற்கடுத்த ஸ்பிரின்டில், பாவம், யாரையும் சொல்லவைக்க வேண்டியிருக்கவில்லை. சீட்டைப் படித்து முடிப்பதற்குள் 'பதிமூன்று' அட்டைகள் தாமாகவே மேலே எழுந்தன. வேலை அதே வேலை, ஆட்கள் அதே ஆட்கள், பாதியில் நின்ற சீட்டுகளும் அப்படியே நின்றன. கோடு மட்டும் நாற்பத்தைந்து, அறுபத்தொன்று, எழுபத்தெட்டு என்று படியேறியது.

மேடம் திரையைப் பார்த்துக் கைதட்டினார். "உற்பத்தித்திறன்னா இதுதான்! நீங்கதான் ஹெட், திங்கக்கிழமை ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன். வெள்ளிக்கிழமை ரெண்டு டீமும் உக்காந்து, அவங்க பாக்கி வேலைப் பட்டியலையும் நீங்க எடுத்துக்கோங்க. நாப்பத்தஞ்சு புள்ளிதானே, உங்க ஆளுங்களுக்கு ஒரு வார வேலை."

மூத்தவருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் இளையவன் வந்து கையைப் பிடித்தான்.

"பிரமிப்பா இருக்குண்ணே. நாங்க நாப்பத்தாறைத் தாண்ட முடியல. நீங்க எப்படிண்ணே பண்ணீங்க?"

"அனுபவம்ப்பா, அனுபவம்."

"எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணே."

கேட்ட முகத்தில் கள்ளம் இல்லை. அசூயை கொஞ்சமாவது இருக்கிறதா என்று இவர் தேடித் தேடிப் பார்த்தார். ஒரு துளி இல்லை! இவர் ஆறு வாரமாக வெந்து செத்திருக்கிறார், அந்தப் பாவி ஒரு நிமிடம் கூட வேகவில்லை. ஜெயித்ததின் ருசியே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பெரிய அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேடமும் வந்து ஓரமாக அமர்ந்தார். இளையவன் தன் குழுவின் முதல் சீட்டை ஒட்டினான். கடவுச்சொல்லை மறந்தவர்கள் புதிதாக மாற்றிக்கொள்ளும் பக்கம். மூலையில் அவன் ஆட்கள் போட்ட புள்ளி, மூன்று.

"நம்ம ஆளுங்களும் ஒரு தடவை போட்டுப் பாத்துடட்டும்" என்றார் மேடம், மூத்தவரின் குழுவைப் பார்த்து.

மூத்தவருக்கு அப்போதுதான் சுருக்கென்றது. இந்தப் பட்டியலுக்குப் பழைய கணக்கில் போடுங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்லியிருப்பார்? சொன்னால் புதுக் கணக்கு என்ன கணக்கு என்று கேட்பார்களே. அவர் வாயைத் திறப்பதற்குள் அட்டைகள் மேலே போய்விட்டன. பதிமூன்று, பதிமூன்று, எட்டு, பதிமூன்று. தாடிக்காரன் தன் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க மூணுன்னு எழுதியிருக்கு. இவங்க பதிமூணுங்கறாங்க. எது சரி?"

இளையவன் அட்டைகளைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், கடைசியில் மூத்தவர் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுபத்தெட்டு எப்படி வந்தது என்று முழுக்கப் புரிந்துவிட்டது.

"எங்க தப்புதான் மேடம்" என்றான் அவன், மெதுவாக. "நாங்க குறைச்சுப் போட்டுட்டோம். அண்ணன் டீம் சொல்றதுதான் சரியா இருக்கும்."

மேடம் தலையாட்டத் தொடங்கினார். மூத்தவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும், திங்கட்கிழமை பதவி கையில். ஆனால் இளையவன் அவர் பக்கம் திரும்பிப் பார்த்து, பயப்படாதீர்கள் என்பது போல லேசாகக் கண்ணை மூடித் திறந்தான். அவ்வளவுதான், ஆறு வாரத்து எரிச்சலும் ஒன்றாகக் குப்பென்று பற்றிக்கொண்டது. காப்பாற்றுகிறானாம்! இவன் போட்ட பிச்சையில் நான் தலைவனாகி, ஆயுசு முழுக்க இவன் நல்லவன் என்று நானே உள்ளுக்குள் ஒப்புக்கொண்டு கிடக்க வேண்டுமா?

"நீ சும்மா இரு!" என்று கத்திவிட்டார். "உன் கணக்கு சரியாத்தான் இருக்கு. மேடம், ஊதிப் பெருக்கினது நான். மூணு வேலைக்குப் பதிமூணு போடச் சொன்னது நான். எங்க டீம் இன்னும் அதே முப்பதுதான். இவங்க யாரும் காரணம் இல்லை."

சோதனைக்காரப் பெண் தன் அட்டையை மெல்ல மேஜையில் கவிழ்த்து வைத்தாள். மேடம் இளையவனைக் காட்டி, "ஹெட் அவர்தான். உங்களைப் பத்தி நான் யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

எல்லோரும் வெளியே போன பிறகு இளையவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். கண் கலங்கியிருந்தது. இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"கிடைச்ச பதவியைத் தூக்கிப் போட்டுட்டு, நான் பழி சுமக்கக் கூடாதுன்னு உண்மையைச் சொன்னீங்களே அண்ணே. இந்த மனசு யாருக்கு வரும்? எனக்கு வராது."

அது மனசு இல்லை, வெறும் வயிற்றெரிச்சல் என்று சொல்ல மூத்தவர் வாயைத் திறந்தார். சற்று முன்பு ஒரு அறை முழுக்கக் கேட்க உண்மையைச் சொன்ன வாய் அது. ஆனால் 'எனக்கு வராது' என்று அவன் சொல்லிவிட்டானே, அவனுக்கு வராத ஒன்று தனக்கு இருக்கிறது என்று அவனே சொல்லிவிட்டானே! அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

"சரி, விடுப்பா" என்றார்.