மைக்கில் சொல்லாத பெயர்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் பியூன் வாசலில் வந்து நின்று, ஸ்டெல்லா டீச்சர் காலமானார் என்று சொன்னார். கரும்பலகையில் பாதி எழுதிய வரியை அப்படியே விட்டேன். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியை, நான் தமிழாசிரியன். அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவை வட்டாரத்துப் பெண்களைச் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடவைக்க ஒரு லீக்கைத் தொடங்கியவர் அவர்தான். "மில்லுக்குப் போற பொண்ணுக்குச் சம்பளம் குடுக்கறீங்க. வெயில்ல ஓடற பொண்ணுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர் பரிசுங்களா?" என்று மில் முதலாளிகளிடம் நேராகவே கேட்பார். கோவை, கருமத்தம்பட்டி, காங்கேயம், கொடுமுடி என்று நான்கு அணிகள் திரண்டன. "உங்க தொண்டைக்கு மைக்கே வேண்டாமுங்க தமிழய்யா" என்று கேலி செய்துவிட்டு, ஆட்டத்தை வர்ணிக்கும் மைக்கையும் என்னிடமே கொடுத்தார்.

முட்டுக்கட்டை காங்கேயத்தில் விழுந்தது. அந்த அணியின் சிறந்த ஆட்டக்காரியின் தகப்பனார், தோட்டங்காடு உள்ளவர், காபி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார்.

"ஆடட்டுங்க, வேண்டாங்கல. ஆனா அம்மணி பேரு மைக்குல வரப்படாது, நோட்டீஸ்லயும் வரப்படாது. நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவங்க காதுல உழுந்தா நான் என்னங்க பண்றது?"

"பேரு சொல்லாத வேலை என்ன வேலைங்க?" என்றார் டீச்சர்.

தகப்பனார் அசையவில்லை. சேதி பரவி, மற்ற வீடுகளிலும் அதையே கேட்டார்கள். "பந்தாவது உருளட்டுங்க" என்று கடைசியில் டீச்சர் இறங்கி வந்தார். எனக்கு ஒரே எரிச்சல். ஆனால் வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

தொடக்க ஆட்டத்தில் அந்தப் பெண் கோல் போட்டதும், வாய்வரை வந்த பெயரை விழுங்கிவிட்டு, "ஏழாம் நம்பர் அம்மணி!" என்று மைக்கில் கத்தினேன். கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. மைதானம் முழுக்க அதே கூச்சல். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "இவங்க ஊர்ல காளைக்கே பேரு வெச்சுக் கூப்படறாங்க தமிழய்யா. பொண்ணுக்கு நம்பர்" என்றார்.

ஒரே சீசனோடு லீக் நின்றது. பெயரில்லாதவர்களைப் பற்றி எழுத நிருபர்கள் வரவில்லை. எவரும் எழுதாத ஆட்டத்துக்குப் பணம் போட முதலாளிகளும் வரவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போனார்கள். அழைப்பிதழ் வரும்போதெல்லாம் டீச்சர் அதை என்னிடம் நீட்டி, "இப்பத்தான் பேர அச்சடிச்சிருக்காங்க, பாருங்க" என்பார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "அன்னைக்குக் காங்கேயத்துல நான் முடியாதுன்னு எந்திரிச்சு வந்திருக்கோணுங்க" என்றார்.

"வந்திருந்தா ஆட்டமே நடந்திருக்காதுங்க டீச்சர்."

"அதுவும் நெசந்தான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மன நிம்மதியோடு போனார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடக்கத்தன்று, சவப்பெட்டியை மூடுவதற்குச் சற்று முன் ஏழாம் நம்பர் வந்தார். பேரக்குழந்தையைக் கணவரிடம் கொடுத்து வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பெட்டியின் மேல் குனிந்து, டீச்சரின் காதருகே மெல்லச் சொன்னார்: "காங்கேயம் அணி, ஏழாம் நம்பர்." அதையடுத்துத் தன் முழுப்பெயரையும் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "டீச்சரப் பத்தி எழுதுவீங்க, தெரியும். என் பேரப் போட்டுராதீங்கய்யா. நான் ஆடுனது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதுங்க."

போடவில்லை. டீச்சர், மைக்கில் கேட்க நீங்கள் ஆசைப்பட்ட பெயர் உங்களோடு வருகிறது. போய் வாருங்கள்.