ஆலங்கட்டி விழுந்த வண்டி

மார்லா ஸ்டோவல் எந்த வண்டியையும் கடைசி வரிசையிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவாள். அது அவளுடைய தொழில் தந்த பழக்கம். வடமேற்கு டெக்ஸாஸின் பருத்திக் காடுகளுக்கு நடுவே பத்தொன்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கடைசிப் பிள்ளை இறங்கியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே பின்பக்கம் வரை நடந்து, அங்கே கண்ணாடியில் ‘பஸ் காலி’ என்ற அட்டையை மாட்டிவிட்டு, கடைசி வரிசையிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டே முன்னால் வர வேண்டும். காலை ஒரு நடை, மாலை ஒரு நடை. இத்தனை ஆண்டுகளில் அவள் கண்டெடுத்தவை: டிராம்போன் என்ற நீள ஊதுகருவி ஒன்று, உயிருள்ள ஒரு முள்ளோணான், எண்ணற்ற இடதுகைக் கையுறைகள், தூங்கிப்போன இரண்டு பிள்ளைகள். இரண்டே இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேருக்காக மீதி ஆயிரக்கணக்கான நடையும் தகும் என்பாள்.

எழுபத்தொரு பேர் உட்காரும் பேருந்தைச் சேற்றுப் பாதையில் ஒற்றைக் கையால் திருப்புகிறவளுக்கு, வீட்டில் ஒரே ஒரு இருக்கை குறைந்தது.

அவளும் கணவன் டாயிலும் இரண்டு பேர். பதினான்கு வயது வேட், பதினோரு வயது இரட்டையர் என்று சொந்தப் பிள்ளைகள் மூவர். சென்ற அக்டோபரில், பெற்றோரால் வளர்க்க முடியாத நிலையில் இருந்த மூன்று பிள்ளைகளை வளர்ப்புப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார்கள். ஆராசெலிக்கு ஒன்பது வயது, தம்பி ரூபெனுக்கு ஏழு, கடைக்குட்டி நயேலிக்கு நான்கு. ஆக மொத்தம் எட்டு. அவர்களுடைய பழைய வேனில் ஏழு இருக்கைகள்தான்.

மற்ற வீட்டில் என்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒருவர் பின்னால் பிக்கப் டிரக்கில் வந்துவிடலாம். இந்த வீட்டில் முடியாது. முதல் நாள் அந்த மூவரும் வந்தது இரண்டு கார்களில். நயேலியின் கார் மதியமே வந்துவிட்டது. அண்ணனும் அக்காவும் இருந்த கார், ஏதோ கையெழுத்துக்காக வழியில் நின்று, நான்கு மணி நேரம் கழித்து வந்தது. அந்த நான்கு மணி நேரமும் நயேலி ஜன்னலோரம் நின்றாள். உட்காரவில்லை, சாப்பிடவில்லை. வேறு வண்டியில் ஏறுகிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று அவள் மனதில் அன்றே பதிந்துவிட்டது.

பிப்ரவரியில் வழக்கு விசாரணைக்கு லப்பக் நகரத்துக்குப் போனபோது ரூபெனை டாயில் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான். ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று இரண்டு வண்டிகளுக்கும் நடுவே புகுந்தது. நூற்றுப்பத்துப் பெட்டி, பதினோரு நிமிடம். ரயில் போன பிறகு ரூபென் வந்துவிட்டான். ஆனாலும் நயேலி நான்கு நாள் வாய் திறக்கவில்லை. நீதிமன்றத்திலும் ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த விசாரணை இந்த வியாழக்கிழமை. மூவரையும் சேர்த்தே வைப்பதா, கடைக்குட்டியை மட்டும் அமரில்லோ நகரில் காத்திருக்கும் ஒரு வீட்டுக்கு அனுப்புவதா என்று நீதிபதி முடிவு செய்வார். பிள்ளைகளின் விவகாரத்தைப் பார்க்கும் அதிகாரி மார்லாவிடம் மறைக்காமல் சொன்னார்: “எல்லாரும் ஒண்ணாப் போற மாதிரி ஒரு வண்டி இருக்குன்னு எழுத முடிஞ்சா, உங்க பக்கம் பேச எனக்கு வாய் இருக்கும், மிஸ் மார்லா.”

ஆகவே சனிக்கிழமை காலை குடும்பமே வண்டிக் கடைக்குப் போனது. வேனில் ஏழு பேர். வேட் மூன்று மைல் சைக்கிள் மிதித்து வந்தான்.

கடையில் அவர்களை வரவேற்றவன் கிளின்ட். முப்பது வயது, பளபளக்கும் பூட்ஸ், பெல்ட்டில் தட்டு அகலத்துக்கு ஒரு பக்கிள். ஒரு காலத்தில் மார்லாவின் பேருந்தில் பள்ளிக்குப் போனவன். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மூணாவது வரிசை, ஜன்னல் பக்கம். வாரத்துக்கு ஒரு தடவ வாந்தி.”

“மிஸ் மார்லா, கஸ்டமர்ங்க இருக்காங்க,” என்று கிளின்ட் குரலைத் தாழ்த்தினான். “அது மட்டுமா? தூங்கிப் போன என்னை எழுப்பி வீட்ல கொண்டு விட்டீங்களே, அதையும் சொல்லுங்க. அதுக்கு ஒரு நல்ல வெலை போட்டுத் தரேன்.”

“எட்டுப் பேர், எட்டு பெல்ட். ஒரே வண்டி. அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

கிளின்ட் அவர்களைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனான். மூன்று வாரத்துக்கு முன் ஊரில் ஆலங்கட்டி மழை கொட்டியபோது அந்தக் கூரைக்குக் கீழ் நின்ற ஒரே புது வண்டி அது. கறுப்பு. நீளமோ நீளம். டாயில் அதன் மூக்கிலிருந்து வால்வரை நடந்தான். பாதியில் ஒரு தடவை நின்று, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான். கூரை அவன் தலைக்கு மேலே இருந்தது. அவனோ ஆறடி மனிதன். பக்கவாட்டில் தன் உருவமும், ஆறு பிள்ளைகளின் உருவமும், வெளியே இருந்த பருத்திக் காடும், அதற்கு மேலிருந்த வானமும் மொத்தமாகத் தெரிவதைப் பார்த்தான்.

“மார்லா, நான் பொறந்த வீட்ட இதுக்குள்ள வச்சுடலாம்.”

“நீ பொறந்த வீட்ட வைக்கலாம். எங்க வீட்டுக்கு எடம் பத்தாது.”

டாயில் பருத்தி அரவை ஆலையில் இருபத்தாறு ஆண்டு வேலை செய்தவன். புது வண்டி என்று ஒன்றை வாங்கியதே இல்லை. அவன் ஓட்டிய வண்டிகளிலெல்லாம் வேறொருவரின் சிகரெட் வாசனை இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். டாயில் தொப்பியைக் கழற்றுவது தேவாலயத்திலும் சாப்பாட்டு மேசையிலும் மட்டும்தான். கதவைச் சாத்தினான். சத்தமே வரவில்லை, வெளியே இருந்த காற்றின் ஓசைதான் நின்றுபோனது. மறுபடி திறந்து, மறுபடி சாத்தினான்.

“அப்பா, அது கதவுதான்,” என்றான் வேட்.

“உனக்கென்ன தெரியும். பேசாம இரு.”

மார்லா நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தார்கள். சிறுவயதில் அவளும் நான்கு உடன்பிறப்புகளும் பிக்கப்பின் திறந்த முதுகில், தார்ப்பாய்க்குள் சுருண்டு, நாற்பது மைல் போய் வருவார்கள். நெடுஞ்சாலையில் இப்படி ஒரு பெரிய வண்டி தாண்டிப் போனால், உள்ளே உயரமாக, உலர்ந்த தலையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அவள் எண்ணுவாள். இன்று அதே மாதிரி வண்டிக்குள், பின்னாலிருந்து, தன் வீட்டுத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நயேலியும் அவள் பக்கத்தில் ஏறி முழங்காலிட்டு விரல் நீட்டி எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டு. மார்லாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மாதத் தவணை கனமாகத்தான் இருந்தது. தாங்க முடியாத கனமில்லை. கிளின்ட் காகிதங்களை எடுத்துவரப் போனான். எல்லோரும் இறங்கினார்கள். ஆராசெலி மட்டும் நடு வரிசையில் அப்படியே இருந்தாள்.

“எறங்கு கண்ணு. வியாழக்கெழம நாள் பூரா இதுலதான் ஒக்காரப்போற,” என்றாள் மார்லா.

“ஒம்போது பேர் ஒக்கார்ற வண்டி இருக்குமா, மிஸ் மார்லா?”

“நாம எட்டுப் பேர்தானே.”

ஆராசெலி சீட் பெல்ட்டை இழுத்தாள், விட்டாள். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “போன தடவ பாக்கப் போனப்ப அம்மா என் காதுல சொன்னாங்க. ஜூலைல பாப்பா பொறக்குமாம். யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க. அப்புறம் அதையும் வேற கார்ல ஏத்திட்டுப் போயிடுவாங்க.”

மார்லா வண்டிக் கதவருகிலேயே நின்றாள். அம்மாவைப் பார்த்துவந்த நாள் முதல் ஆறு வாரமாக இந்த ஒன்பது வயதுக் குழந்தை, இரவுச் சாப்பாட்டில், வீட்டுப்பாடத்தில், தங்கைக்குத் தலைபின்னும்போது, இதைத் தனியாகச் சுமந்திருக்கிறது. இன்னும் பிறக்காத ஒன்றுக்கு இடம் பிடித்துவைக்க வழி தேடிக்கொண்டு. தன் பேருந்தில் ஒரு பிள்ளை விடுபட்டுப் போகக் கூடாதென்று பத்தொன்பது ஆண்டுகளாக நடந்தவளுக்கு, தன்னைவிடக் கவனமாக எண்ணுகிற ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருப்பது புரிந்தது.

டாயிலைத் தனியே அழைத்துச் சொன்னாள். அவன் தொப்பியின் விளிம்பைத் தடவினான்.

“அந்தக் கொழந்தைய நமக்குத் தருவாங்கன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“ஆறு பிள்ளைங்களுக்கு மேல கூடாதுன்னு வேற சொல்லுவாங்க.”

“கூடப் பொறந்ததுன்னா விதியத் தளர்த்துவாங்க. தளர்த்தாமலும் போகலாம். அது அவங்க சொல்லட்டும். சீட் இல்லன்னு சொல்றது நாமளா இருக்க வேண்டாம், டாயில்.”

காகிதத்தோடு வந்த கிளின்டிடம் மார்லா கேட்டாள். அவன் முகம் சுருங்கியது.

“ஒண்ணு இருக்கு. முன்னாடி நீளப் பெஞ்சு சீட்டு வச்சது, மூணு மூணு மூணு. ஆனா அத உங்களுக்குக் காட்ட எனக்கே வெக்கமா இருக்கு.”

கடைக்குப் பின்னால், முட்செடிகளுக்குப் பக்கத்தில் நின்றது. எட்டு வருட வண்டி, ஒரு சர்ச்சுக்காரர்கள் வைத்திருந்தது. மணல் நிறம். ஆலங்கட்டி அதை ஒரு இன்ச் விடாமல் குத்தியிருந்தது. கூரை, இன்ஜின் மூடி, கதவுகளின் மேல்விளிம்பு, எங்கும் கட்டைவிரல் பதித்த மாதிரி ஒடுக்குகள். இரட்டையர் மேலே தொற்றி ஏறி எண்ணத் தொடங்கி, முந்நூறில் சண்டை போட்டு விட்டுவிட்டார்கள்.

டாயில் டார்ச் விளக்கோடு அடியில் மல்லாந்து படுத்தான். துரு இல்லை. எண்ணெய் அளவுகோலை உருவி மோந்து பார்த்தான். கருகல் வாடை இல்லை. மார்லா கடைசி வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெல்ட்டாக மாட்டி, இழுத்து, கழற்றினாள். ஒன்பது ‘கிளிக்’. நயேலியின் குழந்தை சீட்டையும் கொண்டுவந்து இறுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. கிளின்ட் விலையைச் சொன்னபோது டாயில் இரண்டாம் முறை கேட்டான். கறுப்பு வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

டாயில் எழுந்து முதுகுத் தூசியைத் தட்டினான். கொட்டகையின் திசையில் ஒரே ஒரு முறை பார்த்தான். மார்லா அதைக் கவனித்தாள்.

“இதுல ஒரு சௌகரியம் இருக்கு,” என்றான் அவன். “இனிமே ஆலங்கட்டி விழுந்தா நான் ஜட்டியோட வெளிய ஓடி வண்டிய மறைக்க வேண்டாம்.”

“ஊர்ல பல பேருக்கு அது ஏமாத்தமா இருக்கும்,” என்றாள் மார்லா.

வியாழக்கிழமை மார்லாதான் ஓட்டினாள். முன் பெஞ்சில் டாயிலுக்கும் அவளுக்கும் நடுவே வேட், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தான். நடு வரிசையில் இரட்டையர் ஆளுக்கொரு ஜன்னல். அவர்களுக்கு இடையில் காலி. கடைசி வரிசையில் மூவர். எல்லாத் தலையும் தெரிய வேண்டும் என்று அந்த இடத்தை நயேலிதான் கேட்டு வாங்கினாள்.

அதே ரயில்வே கேட்டில் அதே மாதிரி மணி அடித்தது. மார்லாவின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. முன்கண்ணாடி முழுக்க ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது: “ஒண்ணு, ரெண்டு, மூணு...” நயேலி பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபதுக்கு மேல் அவளுக்குத் தெரியாது; ரூபென் எடுத்துக்கொடுத்தான். நூற்றிரண்டில் ரயில் முடிந்தது. அந்தப் பக்கம் தரை முடியும் இடமே தெரியாமல் சமவெளி விரிந்து கிடந்தது. அவ்வளவு பெரிய வெளியில் ஒரு குழந்தை நிம்மதியாகக் கொட்டாவி விடுவதைக் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தபடி மார்லா, தன்னை மறந்து, கிளட்ச் இல்லாத வண்டியில் காலால் கிளட்சைத் தேடினாள்.

நீதிபதி ஒரு வயதான பெண்மணி. குனிந்து நயேலியிடம் கேட்டார்: “எப்படிம்மா வந்த?”

“வண்டில,” என்றாள் நயேலி. கொஞ்சம் யோசித்து, “எல்லாரும்,” என்று சேர்த்துக்கொண்டாள்.

மூவரும் ஒன்றாக ஸ்டோவல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. ஆராசெலியின் அனுமதியோடு மார்லா சொல்லியிருந்த ஜூலை விஷயத்தையும் அதிகாரி எடுத்துச் சொன்னார். குழந்தை பிறந்து, அதற்கு வேறு வீடு தேட வேண்டி வந்தால், முதலில் இந்த வீட்டில்தான் கேட்க வேண்டும் என்று நீதிபதி எழுதவைத்தார். கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று சொன்னார்.

வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பிள்ளைகள் குதித்து இறங்கி, பெட்ரோல் பங்கில் வாங்கிய புரீட்டோ ரொட்டிச் சுருள் பொட்டலங்களோடு உள்ளே ஓடினார்கள். மார்லா இன்ஜினை அணைத்தாள். பழக்கதோஷம், பின்கதவைத் திறந்து கடைசி வரிசையிலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு ஷூ, வேர்க்கடலைத் தோல்.

நடு வரிசையில் நின்றாள். இரட்டையரின் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, யாரும் உட்காராத இடத்தில், பெல்ட் மாட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். நன்றாக இழுத்து, தளர்வில்லாமல், ஒழுங்காக மாட்டியிருந்தது. எப்போது மாட்டினார்கள், யார் மாட்டினார்கள் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஆராசெலி எட்டியிருக்கலாம். நாள் முழுக்கச் சண்டை போடும் இரட்டையரில் ஒருவனாகவும் இருக்கலாம்.

“மார்லா, சாப்பாடு ஆறுது,” என்று வீட்டுக்குள்ளிருந்து டாயில் கூப்பிட்டான்.

பேருந்தாக இருந்தால் இந்நேரம் காலி என்ற அட்டையை மாட்டியிருப்பாள். அவள் பெல்ட்டைக் கழற்றாமல், கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.