நூறிலிருந்து ஏழு

போன வாரம் சேந்தமங்கலத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, "ஆக்சிஜன் நல்லா இருக்குதுங்க" என்றாள். துணி காயப்போடும் கிளிப் மாதிரி இத்தனூண்டு. அன்றைக்குச் செல்வத்தின் விரலில் இது இருந்திருந்தால் நான் அப்படித் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டாம்.

செல்வம் என் தம்பி. அப்போது விமானப்படையில் மருத்துவ உதவியாளர். கார்கில் சண்டையில் அடிபட்ட சிப்பாய்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கீழே கொண்டுவருவது அவன் வேலை. எனக்குச் செம்மேட்டு எஸ்.டி.டி. பூத்தில் வேலை. ஊரார் பேச்செல்லாம் என் காதைத் தாண்டித்தான் போகும். வெட்கமில்லாமல் ஒட்டுக்கேட்பேன்.

நம் மலைப் பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறும்போது காது அடைக்குமே, அப்படி அடைத்த ஒரு நாளில்தான், சண்டைக்கு முன்னால் லீவில் வந்திருந்தவன் அந்தக் கதையைச் சொன்னான். உயரத்தில் என்ன ஆகும் என்று காட்ட, பைலட்டுகளை இரும்பு அறையில் உட்காரவைத்துக் காற்றைக் குறைப்பார்களாம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்களாம். மூளைக்குக் காற்று பத்தாமல் கணக்குத் தப்பும். ஆளுக்கோ ஒரே குஷி. தனக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் பண்ணுவானாம்.

"உனக்கும் அப்படி ஆச்சாடா?"

"எனக்கா? மலையில பொறந்தவன ஒசரம் என்னக்கா பண்ணும்?"

கொல்லிமலைக்காரர் எல்லோருக்கும் இந்தத் திமிர் உண்டு. நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

சண்டை தொடங்கியபின் அவனிடமிருந்து பேச்சே இல்லை. ரேடியோவில் ஹெலிகாப்டர் என்றாலே சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்பேன். ஒரு மத்தியானம் போன் வந்தது. மேலே பனிமலையில் ஹெலிகாப்டர் இறங்கும் இடத்திலேயே தங்கியிருக்கிறானாம், ராணுவப் போனில் பேசுகிறான். தலைவலி என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். தலைவலிக்கு எவனாவது சிரிப்பானா? பலா பழுத்துவிட்டதா என்று கேட்டான். சொன்னேன். மறுபடியும் அதையே கேட்டான். அவன் சொன்ன இரும்பு அறை எனக்கு ஞாபகம் வந்தது.

"கண்ணு, நூறுலருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லு."

"தொண்ணூத்தி மூணு… எம்பத்தஞ்சு… எழுவது…" மறுபடியும் சிரிப்பு.

"சாமி, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட போனக் குடு!"

"எதுக்குக்கா? நான் நல்லாத்தான் இருக்கறேன்."

"குடுடா நாயே!"

யாரோ ஒருவர் வாங்கி ஹிந்தியில் பேசினார். எனக்கு ஹிந்தியில் ஒரு எழுத்துத் தெரியாது. "செல்வம்! ஆக்சிஜன்! டாக்டர்! ஆக்சிஜன்!" என்று கத்தினேன். போன் பேசக் காத்திருந்த மிளகு வியாபாரி பயந்து ரோட்டுக்கே போய்விட்டார். லைன் அறுந்தது. மறுபடி சேதி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

உயரத்தில் காற்றுப் பத்தாமல் மூளையில் நீர் கோத்திருந்ததாம். போனை வாங்கிய அந்த மனுஷன், மகராசன், அடுத்த ஹெலிகாப்டரிலேயே அவனைக் கீழே அனுப்பிவிட்டார். தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதைச் செல்வமே பிறகு போனில் சொன்னான். இனி பறக்கக் கூடாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்கள் என்பதையும் சொன்னான். மருந்துக் கிடங்கில் உட்காரவைத்துவிட்டார்களாம்.

"அடிபட்டவங்க அங்க கெடக்கறாங்க. ஒரு தலைவலிக்கு என்னை எறக்கி உட்டுட்டயே" என்றான்.

பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. செல்வம் ஓய்வு பெற்று வந்து இதே மலையில் வளப்பூர் நாட்டில் மிளகுக்கொடி பார்க்கிறான். நோம்பி, பண்டிகை என்றால் வருவான். என் வீட்டுக்காரரோடும் மகளோடும் வாய் ஓயாமல் பேசுவான். என்னிடம் "போதும், போதும்" என்று இலையைக் காட்டுவதோடு சரி. அவன் வாயிலிருந்து அக்கா என்ற சொல் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்? ஆனால் அவன் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் போன் இன்றைக்கு வந்தாலும் அப்படித்தான் கத்துவேன்.