குரூப்பில் போட்ட ஓகே

யாராவது போனில் கும்பிடும் கை பொம்மையை அனுப்பினால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள் என்று தெரியும். என்ன செய்ய, அந்தக் கைகளை நான் பார்த்துப் பழகிய இடம் அப்படி.

நான் படித்தது திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே ரோட்டோரம் வரிசையாக முளைத்த தனியார் இன்ஜினியரிங் காலேஜ்களில் ஒன்றில். சேர்ந்த அன்றே ஆளுக்கொரு காலேஜ் மெயில் கொடுத்தார்கள். அதைத் திறந்து பார்த்தவர்கள் அபூர்வம். கம்பெனிகளைக் கூட்டி வந்து வேலை வாங்கித் தருவதற்கென்றே ஒரு பிளேஸ்மென்ட் சார் இருந்தார். அவரே கிளாசில் நின்று தெலுங்கில் சொல்லுவார்: "மெயில் எவரு சூஸ்தாரு? குரூப் சூடண்டி." மெயிலை யார் பார்க்கிறார்கள், குரூப்பைப் பாருங்கள் என்று. பரீட்சைத் தேதி, லீவு, நாளைக்கு எல்லோரும் புடவை கட்டி வர வேண்டும் என்பது வரை வாட்ஸப் குரூப்பில்தான் வரும். வந்த உடனே "ஓகே சார்" போட்டு, கூடவே ஒரு கும்பிடும் போட வேண்டும். போடாதவர்களை மறுநாள் கிளாசில் நிற்க வைப்பார். படித்தோமோ இல்லையோ, கும்பிடக் கற்றுக்கொண்டோம்.

பெண்களுக்குத் தனிக் குரூப். எங்கள் நகரிப் பக்கத்து வீடுகளில் பெண்ணின் நம்பர் பையன்கள் கைக்குப் போகக் கூடாது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். பவர்லூம் ஷெட்டில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். போன் வாங்கித் தந்த அன்றே கண்டித்துச் சொல்லிவிட்டார்: "அதுல உம் மூஞ்சிய வெக்காதமா. கண்ட நாயும் பாத்துக்கினு கெடக்கும்." அதனால் என் டிபி படத்தில் திருத்தணி முருகன் இருந்தார். எங்கள் குரூப்பில் முக்கால்வாசிப் பேர் சாமிகளாகத்தான் இருந்தோம்.

கடைசி வருஷம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. இன்டர்வியூவில் நான் தேறினேன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தாத்தா காலத்தில் அடுத்தவன் நிலத்தில் கூலி, நைனா காலத்தில் அடுத்தவன் தறியில் கூலி. அந்த வரிசை என்னோடு முடிந்தது என்று நினைத்தேன்.

தேறியவர்களின் காலேஜ் மெயிலுக்குக் கம்பெனி கடிதம் அனுப்பியது. சார் தனக்கு வந்த நகலைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்துப் போனில் போட்டோ எடுத்து, குரூப்பில் போட்டார். கீழே "செலக்ட் ஆனவர்கள் ஓகே சொல்லவும்" என்று எழுதினார். சொன்னோம். கும்பிட்டோம். திரைக்குள் அடங்காத கடைசி வரி போட்டோவில் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் இந்த மெயிலுக்கே பதில் அனுப்பாதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும் என்பதுதான் அந்த வரி.

எங்கள் கிளாஸ் லீடர் பையன் மெயிலைத் திறந்து பார்த்திருக்கிறான். பதிலும் அனுப்பியிருக்கிறான். வாய் மட்டும் திறக்கவில்லை. அவன் ரூம்மேட் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தான். எங்கள் இடங்கள் காலியானால்தானே அவனுக்குக் கிடைக்கும்! அந்த ரெண்டு பேரும் அந்த வாரம் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து இட்லி தின்றார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது.

எங்கள் இடங்கள் போய்விட்டன என்று தெரிந்து திங்கட்கிழமை கேட்கப் போனபோது சார் கூசாமல் சொன்னார்: "மெயில் பம்பிஞ்சாரு கதம்மா. மெயிலே அபீசியல்." மெயில் அனுப்பினார்களே அம்மா, மெயில்தான் செல்லும். அதே வாய், அதே ஆள்.

அன்று சாயங்காலம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வீட்டுக்குப் போனால், நைனா ஜிலேபிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றிருந்தார். "ஏம்மா, புத்தூர் ரோட்டுல உன் மூஞ்சி பஸ்ஸு ஒசரத்துக்குக் கீதுமா!"

வேலை கிடைத்தவர்கள் என்று காலேஜ் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தது. பேர்களைக் கம்பெனியிடம் கேட்கவில்லை, குரூப்பில் ஓகே போட்டவர்களை அப்படியே எடுத்து, அட்மிஷனுக்குக் கொடுத்த போட்டோவோடு அச்சடித்துவிட்டார்கள். போனில் என் முகம் வரக் கூடாது என்றவர் அந்த முகத்தைப் பார்க்கவே ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னேன். ஜிலேபியை யாரும் தொடவில்லை.

"அப்போ அந்தப் போட்டோ இன்னாத்துக்கு அங்க தொங்கிக்கினு கீது?" என்று மட்டும் கேட்டார்.

என் படத்தை எடுத்துவிடச் சொல்லிக் காலேஜுக்கு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை, யார் பார்த்தார்கள்? குரூப்பில் போட்டேன். படிக்காமலேயே நாலு பேர் "கங்கிராட்ஸ்" போட்டார்கள். சார் ஒரு கட்டைவிரல் போட்டார். வெட்கங்கெட்ட கூட்டம்.

புது அட்மிஷன் தொடங்கியும் பிளெக்ஸ் இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா, தறியில் நூல் வெட்டுகிற பிளேடை எடுத்துக்கொண்டு, "வா" என்றார். புத்தூர் ரோட்டில் அந்தப் பிளெக்ஸ் அடியில் ஒருவர் மகளோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். நைனா மாதிரியே கறுத்து மெலிந்தவர். மகளுக்கு என் படத்தைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நைனா கட்டைச் சுவரின் மேல் ஏறி, என் முகத்தைச் சதுரமாக அறுத்து எடுத்தார்.

"யோவ், இன்னாத்துக்கியா கிழிக்கிற?" என்று கத்தினார் அந்த மனிதர்.

"இது எம் பொண்ணு. வேலையும் குடுக்கல, ஒன்னும் குடுக்கல. படத்த மட்டும் மாட்டி வெச்சிக்கினு கீறானுங்க. உம் பொண்ண வேற எங்கனா சேத்துடு."

அவர் தலையைச் சொறிந்தார். "பீசு கட்டிட்டனேபா. நேத்தே குரூப்புல சேத்துட்டாங்க."

அந்தப் பெண் போனை நீட்டிக் காட்டினாள். டிபியில் அம்மன். சாரின் முதல் செய்திக்குக் கீழே அவளும் ஓகே சார் போட்டு, கும்பிட்டிருந்தாள்.

"காலேஜ்ல மெயில் குடுப்பாங்கமா. அத்த தெனம் தெறந்து பாரு" என்றேன்.

"மெயிலாக்கா? அத்தெல்லாம் பாக்க வாணாம், குரூப்பு போதும்னு சார் சொல்லிட்டாரே."