கரையான்சாவடியில் கிடைத்த தோட்டா

கரையான்சாவடியில் வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்குக்குத் தோண்டியபோது மேஸ்திரி கூப்பிட்டார். "யக்கா, இன்னாமோ கீது பாரு." பச்சை பூத்த பித்தளைக் கூடு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வெடித்து முடிந்த துப்பாக்கித் தோட்டா என்பது மட்டும் புரிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள் நான். எதையும் அளக்காமல் விடமாட்டேன். பக்கத்துப் பூந்தமல்லியில் மாதாமாதம் கூடும் வரலாற்று ஆர்வலர் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போனேன். அங்கே ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வருவார். துப்பாக்கி விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பாயின்ட் டூ டூ தோட்டாம்மா. என்.சி.சி. பசங்க சுடறது." தன் பையிலிருந்த அந்த ரகக் காலிக் கூடு ஒன்றையும் தந்தார். "ஒப்பிட்டுப் பாருங்க."

முகம் சுருங்கித்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் ஒப்பிட்டேன். அவர் கொடுத்தது நேர்க்குழல்; சுடும்போது துப்பாக்கி ஊசி அடித்த தழும்பு அடிப்பக்க விளிம்பில். என்னுடையதற்குக் கழுத்து ஒடுங்கியிருந்தது, தழும்பு நட்டநடுவில். வெர்னியர் அளவுகோலில் அளந்து படம் வரைந்தேன். பழைய தோட்டாப் பட்டியல்களை இன்டர்நெட்டில் இரண்டு வாரம் புரட்டினேன். கடைசியில் என் அளவுகள் அப்படியே ஒரு பக்கத்தில் இருந்தன.

அடுத்த கூட்டத்தில் இரண்டு கூட்டையும் அவர் முன்னால் வைத்தேன். "சார், தழும்பு எங்க இருக்குன்னு பாருங்க. பாயின்ட் டூ டூன்னா விளிம்புலதானே இருக்கணும்?"

கண்ணாடியை மாட்டினார். லென்ஸ் வைத்தும் பார்த்தார். பிறகு எழுந்து, "நான் சொன்னது தப்பு. இன்னிக்கு இவங்கதான் பேசணும்" என்றார்.

பேசினேன். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பெரிய துப்பாக்கிக்குக் குண்டு செலவு அதிகம், சுடப் பெரிய மைதானமும் வேண்டும். அதனால் அதன் குழலுக்குள் மெல்லிய குழாயைச் செருகி, இந்தக் குட்டித் தோட்டாவால் குறிபார்க்கப் பழகினார்கள். பிறகு அதைவிட மலிவான பாயின்ட் டூ டூ வந்தது. இதற்கு வேலை போயிற்று. கொஞ்ச காலம் காக்காய் சுடும் சின்னத் துப்பாக்கிகளில் ஓடி, தயாரிப்பே நின்றுபோனது. பூந்தமல்லியில் பட்டாளம் இருந்த நாளில் யாரோ பயிற்சிக்குச் சுட்டது என் கொல்லையில் கிடந்திருக்க வேண்டும்.

கைதட்டல் அடங்க நேரமானது. தட்டத் தொடங்கியவர் அந்த அதிகாரிதான்.

மறுமாதம் அவர் ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்து என் முன்னால் திறந்தார். உள்ளே பெயர்ச்சீட்டு ஒட்டிய பதினேழு பழைய கூடுகள். "இதுல எதெல்லாம் நான் தப்பா எழுதி வெச்சிருக்கேன்னு அளந்து சொல்லுங்க மேடம்."

நாலு தப்பு கண்டுபிடித்தேன்.