அங்கமுத்து எழுத்துக்கூட்டிக் கண்டது

அங்கமுத்து படிக்கிற வேகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரே சிரித்தது, உங்களை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஒரு பக்கத்துக்கு மூன்று நாள். வலை இழுத்துக் காய்த்துப்போன ஆட்காட்டி விரலை எழுத்தின் கீழே வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுவான். ஒரு சொல் முடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பான். பெரிய மீனைப் படகில் ஏற்றிப் போட்டவன் முகம்போல இருக்கும்.

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரராகிய ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கோட்டைக்கு எதிரே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல்திட்டில் நடுமேட்டுக் குப்பம் என்று நாற்பது வீட்டு ஊர். அதில் ஒரு வீடு அவனுடையது. முப்பத்தெட்டு வயது வரைக்கும் அவனுக்கும் எழுத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எழுத்து வந்ததே ஒரு வாக்குவாதத்தால்தான். ஏசுவின் வேதத்தை ஊர் ஊராகப் போய்ச் சொல்வதற்கென்று யோசுவா உபதேசியார் என்பவர் பழவேற்காட்டுக்கு வந்திருந்தார். தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர், காவேரித் தண்ணீர் குடித்து, நெல் வயலுக்கு நடுவே வளர்ந்தவர். மீசை கூடச் சரியாக அடர்ந்திருக்காது. அங்கமுத்துவின் படகில் ஏரியைக் கடக்கும்போது அவர் சும்மா இருக்காமல் வேதத்தைச் சொல்ல, இவன் துடுப்பை நிறுத்திவிட்டான்.

"பூசாரி ஒண்ணு சொல்றாரு. கோட்டையில இருக்கறவங்க ஒண்ணு சொல்றாங்க. நீங்க ஒண்ணு சொல்றீங்க. உங்க பேச்சை இன்னாத்துக்கு நான் நம்பணும்?"

உபதேசியார் மடியிலிருந்த புத்தகத்தைத் தட்டினார். "என் பேச்சை நம்பாதீங்க அண்ணே. இதுல இருந்தா நம்புங்க. இதுல இல்லாததை நானே சொன்னாலும் தள்ளிடுங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதே."

"அப்ப கத்துக்கிடுங்க."

இப்படி ஒரு பதிலை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. அதிகாரம் வைத்திருக்கிற யாராவது 'என்னைச் சோதித்துப் பார்' என்று சொல்வார்களா? அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் மணலில் 'அ' எழுதிப் பழகினான். பிறகு ஞானஸ்நானம் பெற்றான். அந்திரேயா என்று பெயர் வைத்தார்கள். உபதேசியாரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அச்சடித்த வேதபுத்தகம் ஒன்று அவன் கைக்கு வந்தது. மெழுகுத்துணியில் சுற்றிப் படகிலேயே வைத்துக்கொண்டான். நீரோட்டம் திரும்புவதற்காகக் காத்திருக்கிற நேரமெல்லாம் படிப்புதான்.

அவன் பெண்சாதி பச்சையம்மா ஞானஸ்நானம் பெறவில்லை. அக்கரையிலிருந்த வேதக்கோயிலுக்குள் காலடி வைக்கவும் இல்லை. "நாப்பது வயசு நெருங்கறப்போ பள்ளிக்கூடமாயா?" என்று கேட்பாள். ஆனாலும் புத்தகத்தின் மேல் மீன் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

வம்பு, பாடு விஷயத்தில் வந்தது. பாடு என்றால் ஏரியில் வலை கட்டும் இடம். எல்லா இடமும் ஒன்றல்ல. கடலும் ஏரியும் சேர்கிற முகத்தில் கட்டினால் இறால் மூட்டை மூட்டையாக விழும்; ஓரத்துச் சேற்றில் கட்டினால் நண்டு வலையைக் கடித்ததுதான் மிச்சம். வலுத்தவனே நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால் ஊர் கூடிச் சீட்டுப் போடும். நாற்பது பனையோலை நறுக்கு, ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தின் குறி. பானைக்குள் போட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஒருவர் கைவிட்டு எடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வருஷம் எடுக்காத வீட்டுக்கு அத்தோடு உரிமை போயிற்று. பிள்ளைக்கும் இல்லை, பேரனுக்கும் இல்லை.

போன வருஷம் சீட்டு நாளன்று உபதேசியார் தற்செயலாகக் குப்பத்துக்கு வந்துவிட்டார். பானையைக் கண்டார், கூட்டத்தைக் கண்டார், ஓலை எடுத்தவன் துள்ளிக் குதிப்பதைக் கண்டார். கோட்டைச் சிப்பாய்கள் சோழி உருட்டிச் சம்பளத்தைத் தொலைக்கிறதைத் தினமும் பார்க்கிற மனிதர். வயல்காட்டில் பிறந்தவருக்குப் பாடு என்ன தெரியும்? இதுவும் சூதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"அந்திரேயா அண்ணே, ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்டவங்க யாரு? அவரைச் சிலுவையில அடிச்ச சிப்பாய்ங்க. இது நமக்கு ஆகாது."

அந்த இடத்தை அங்கமுத்து தானே விரல் வைத்துப் படித்திருந்தான். புத்தகத்தில் இருக்கிறதே, என்ன செய்ய? கையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். பானையில் அவனுக்கென்று மிஞ்சிய ஓலையில் இருந்தது முகத்துப் பாடு. அது ஊர்ப் பொதுவுக்குப் போயிற்று.

அந்த வருஷம் முழுக்க அவன் கரையோரமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை வீசினான். பச்சையம்மா அடுத்தவர் மீனைத் தலையில் சுமந்து விற்றாள். பிள்ளைகளுக்கு ஒருவேளைக் கஞ்சி. "உன் புத்தகம் எம் புள்ளைங்க வயித்துல அடிக்குதுயா," என்று அவள் ஒருநாள் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

இதோ மறுபடியும் சீட்டு வந்துவிட்டது. புதன்கிழமை காலை. இந்த முறையும் எடுக்காவிட்டால் அப்பன் பாட்டன் வழிவந்த உரிமை அறுந்தது. திங்கட்கிழமை நடுப்பகல் அவன் படகில் உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷமாக ஊர்ந்து ஊர்ந்து நாலு சுவிசேஷத்தையும் முடித்து, ஏசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் காரியங்களைச் சொல்லும் பாகத்துக்கு வந்திருந்தான். முதல் அதிகாரத்தின் கடைசிப் பக்கம். பன்னிரண்டு பேரில் ஒருவன் காட்டிக்கொடுத்துக் கெட்டுப்போனான். அவன் இடத்துக்கு ஆள் வேண்டும். இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஜெபம் பண்ணினார்கள். அப்புறம்—

விரல் நின்றுவிட்டது. 'சீ' என்று கூட்டினான். 'சீட்டு' என்று கூட்டினான். நாம்தான் தப்பாகக் கூட்டுகிறோமோ என்று வரியின் தலையிலிருந்து மறுபடி தொடங்கினான். மூன்று முறை. மூன்று முறையும் அப்போஸ்தலர்கள் சீட்டுத்தான் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஏரியைக் கடந்து உபதேசியார் வீட்டு வாசலில் நின்றான். புத்தகத்தைப் பிரித்து, விரலை வைத்துக் காட்டினான்.

உபதேசியார் படித்தார். முகம் காதுவரை சிவந்துபோயிற்று. "இது அப்போஸ்தலருங்க செஞ்சது அண்ணே. அவங்க பரிசுத்தவான்கள். நாம அப்படியா?"

"சிப்பாய்ங்க செஞ்சதைக் காட்டி வேணாம்னீங்க. அது எனக்குப் பொருந்தும், இது மட்டும் பொருந்தாதா?"

உபதேசியார் தாளை முன்னும் பின்னும் புரட்டினார்.

"மொத நாளு எம் படகுல இன்னா சொன்னீங்க உபதேசியாரே? நீங்களே சொன்னாலும் தள்ளுன்னீங்க. நான் சண்டைக்கு வரலே. இதுல வேணாம்னு இருந்தா சொல்லுங்க, நாளைக்கும் போகமாட்டேன். உரிமை போனாப் போவட்டும். ஆனா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

உபதேசியார் அந்த வரியைத் தானும் விரல் வைத்து இன்னொரு முறை படித்தார். பிறகு, போன வருஷமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "எதுக்கு அண்ணே சீட்டுப் போடறீங்க?"

"ஊர்த் தலைவரு நாட்டார் வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் ஒரே பானை இருக்கணும்னுதான். இல்லாட்டி வலுத்தவன் வலை மட்டுந்தான் ஏரியில கிடக்கும்."

உபதேசியார் புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தார். "போய் எடுங்க," என்றார்.

"சீட்டுக்கு மின்னாடி சாமிக்குக் கற்பூரம் ஏத்தறப்போ மட்டும் கிட்ட நிக்கமாட்டேன். வேற சாமி கும்பிடக் கூடாதுன்னும் இதுலதானே இருக்குது," என்றான் அங்கமுத்து.

புதன்கிழமை அப்படியே தள்ளி நின்றான். தனக்குத் தெரிந்த அளவில் கண்ணை மூடி ஜெபம் பண்ணினான். கற்பூரம் அணைந்ததும் பானையை நோக்கி நடந்தான். "கும்பிடாதவனுக்கு ஓலையா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

ஊர் நாட்டார் நீலமேகம் எழுந்தார். அவருக்கு அங்கமுத்து வேதத்தில் சேர்ந்தது துளியும் பிடிக்காது. முகம் கொடுத்துப் பேசியே இரண்டு வருஷம் இருக்கும். "அவன் பாட்டன் காலத்துலேருந்து அந்த வூட்டுக்கு ஓலை உண்டு. ரெண்டாவது வருஷம் முடியாம நிறுத்த நான் யாரு? கட்டுப்பாடு எனக்குந்தான்," என்றார். "கையை விடுடா."

அங்கமுத்து கையை விட்டான். வந்தது சேற்றுப் பாடு. இருக்கிறதிலேயே மட்டம். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவனும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பச்சையம்மா ஓலையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சேறா இருந்தா இன்னா? நம்ம சேறு," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அவனோடு படகில் ஏறினாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிவிடுவாள் என்று தெரியும். கோயிலுக்குள் வராமல் வாசற்படியில் கூடையோடு உட்கார்ந்துகொண்டாள்.

உபதேசியார் அன்று பிரசங்கம் செய்யவில்லை. "போன வருஷம் நான் ஒண்ணு சொன்னேன்," என்று தொடங்கினார். "வேதம் அதைச் சொல்லலே. நான் சொன்னேன். அதனால ஒரு வீடு ஒரு வருஷம் பட்டினி கெடந்துது. அந்திரேயா அண்ணன் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடிச்சார்." தான் வைத்திருந்த புத்தகத்தைப் பிரித்தார். "இன்னொரு இடமும் இருக்கு. மூணாவது சுவிசேஷம், மொத அதிகாரம். கிழவரான ஆசாரியர் ஒருத்தர் தூபங்காட்டக் கோயிலுக்குள்ள போனாரே, யாரு போறதுன்னு அவங்களும் சீட்டுத்தான் போட்டாங்க. இதை நான் எத்தனையோ தரம் படிச்சிருக்கேன். கண்ணுல படலே. அண்ணே, என்னை மன்னிக்கணும்."

அங்கமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கத்தையும் அவன் விரல் தாண்டி வந்திருந்தது. ஆசாரியரின் பெயரைக் கூட்டுகிற மும்முரத்தில் சீட்டைக் கோட்டைவிட்டிருக்கிறான். 'நானுந்தான் பாக்கலே உபதேசியாரே' என்று எழுந்து சொல்ல நினைத்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

படகில் திரும்பினார்கள். பாதி ஏரி கடந்தது.

"அத்தினி பேரு மின்னாடி அந்த ஆளு தப்புன்னு ஒத்துக்கினாரே," என்றாள் பச்சையம்மா. "புத்தகம் சொல்லிச்சுன்னா அவரும் அடங்கறாரு."

"ஆமா."

"அந்த எடத்தைக் காட்டுயா."

அவன் துடுப்பை வைத்துவிட்டு மெழுகுத்துணியைப் பிரித்தான். மூன்றாவது சுவிசேஷத்தில் இருந்ததையும், அப்போஸ்தலர் பாகத்தில் இருந்ததையும் காட்டினான். இரண்டுக்கும் நடுவில் இருந்த தாள்களை அவள் விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"மொத எடத்தைத் தாண்டி எம்மாந்நாள் ஆச்சு உனக்கு?"

"ஒண்ணரை வருஷம் இருக்கும்."

"அப்பவே கண்டிருந்தா முகத்துப் பாடு நம்முது."

அவன் அந்த வரியின் மேல் விரலை ஓட்டினான்.

"அந்த ஆளு நல்லவரு. ஆனா நல்லவரும் தப்பு சொல்றாரு," என்றாள் பச்சையம்மா. கூடையைத் தள்ளிவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மீன் செதில் ஒட்டியிருந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நீ ஊர்ற வேகத்துக்கு அடுத்த தப்பைக் கண்டுபுடிக்கறதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன். எனக்கும் கத்துக்குடு. 'அ' எங்க இருக்குது?"