யாரும் கேட்காத உயரம்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சந்தவாசலிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது நாய் குறுக்கே பாய்ந்து, என் மனைவி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முன் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஆரணியில் பட்டுப்புடவைக் கடைக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்கேன் சென்டருக்கு ஸ்ட்ரெச்சரிலேயே கொண்டுபோனோம்.

அங்கே புது மெஷின். முன்பெல்லாம் படத்தை நிறுத்தி, ஆள் கோடு போட்டு அளக்க வேண்டுமாம். இது தானாகவே இதயத்தின் ஓரத்தைப் பிடித்து, எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அந்த உடம்புக்கு அது போதுமா என்று சொல்லிவிடுமாம்.

"எல்லாம் ஆட்டோமேட்டிக்குங்க. ஜல்தியா முடிஞ்சிடும்" என்றார் உரிமையாளர்.

ஜல்தியாகத்தான் முடிந்தது. ரத்த ஓட்டம் போதவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கையை விரித்துவிட்டார். முறிந்த காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பொறுக்க முடியாமல் வேலூருக்கு ஆம்புலன்ஸ் வைத்துக் கொண்டுபோனேன்.

அங்கே ஸ்கேன் எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வியே, "உயரம், எடை எவ்ளோங்க?"

"ஆரணில இதெல்லாம் கேக்கவே இல்லியேம்மா" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். ஆறடி, தொண்ணூறு கிலோ! என் மனைவி என் தோள் உயரம்கூட இல்லை. அவளுடைய இதயம் தள்ளிய ரத்தம் அவளுக்குத் தாராளம். எவனோ ஒரு தடியனின் உடம்புக்குத்தான் அது பற்றவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நான் நேராக ஆரணி ஸ்கேன் சென்டருக்குப் போய்க் கத்தினேன்.

"முன்னாடி வந்தவரோடது அப்டியே நின்னுடுச்சுங்க. ஸ்ட்ரெச்சர்ல வந்தவங்கள எப்டி எடை போடறது?" என்றார் உரிமையாளர், எதுவுமே நடக்காதது போல.

"அவளுக்கு வாய் இருந்துச்சே, கேட்டிருக்கலாமேய்யா!"

"வேணும்னா ஃப்ரீயா இன்னொண்ணு எடுத்துத் தரேங்க."

அடிக்காமல் வந்ததே பெரிய விஷயம்.

கால் கூடிவிட்டது, நடக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரையும்விட உரக்கப் பாடுகிறவள், இப்போது உதட்டை மட்டும் அசைக்கிறாள். உன் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று வேலூர் டாக்டரும் சொல்லிவிட்டார், நானும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

"நீங்க எனக்காக சொல்றீங்க" என்கிறாள். "மெஷினு எதுக்குங்க பொய் சொல்லப்போவுது?"